ராமர் பச்சை வாஷிங் மிஷின்

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சோப்புத்தூள் போட்டு, டைமரைத் திருகினேன். ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமல். தண்ணீர் அசையவில்லை. கூடத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “சுச்ச நிறுத்து அம்மிணி. வாசமடிக்குது.”

எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். இந்த மிஷின் விஷயத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான். துவைக்க ஒரு தொட்டி, பிழிய (ஸ்பின்) ஒரு தொட்டி என்று இருக்கும் ட்வின் டப். 1994-ல் ஏலச் சீட்டு எடுத்த பணத்தில் அவர் வாங்கியது. நான் மருமகளாக வந்தது 1999-ல். ஆக, கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் இந்த வீட்டில் அது எனக்கு ஐந்து வருடம் சீனியர்.

மறுநாள் வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. சுவிட்சைப் போட்டார், உறுமலைக் கேட்டார், அணைத்தார். “மோட்டார் போச்சுங்க. 4,500 ஆகும். பாடியப் பாருங்க, துருப்புடிச்சுக் கெடக்குது. இதுக்குப் போய் எதுக்குங்க செலவு பண்ணிட்டு?” வந்து போனதற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே என் வீட்டுக்காரர் ஒரு கடையில் விசாரித்துவிட்டு வந்தார். பழையதைக் கொடுத்தால் புதிதின் விலையில் 1,200 ரூபாய் கழிப்பார்களாம். அத்தை ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

என்னை உறுத்தியது அந்த உறுமல்தான். மோட்டார் எரிந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அல்லது வார்னிஷ் கருகும் நாற்றம் வீடு முழுக்க அடித்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் சத்தமே வரக் கூடாது. இது உறுமுகிறது. எங்கேயோ கேட்ட சத்தம். ராத்திரி படுத்தபடி மேலே பார்த்தபோதுதான் பிடிபட்டது. சீலிங் ஃபேன்! கண்டென்சர் போன ஃபேன் இப்படித்தான் முனகும். ஒட்டடைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓட ஆரம்பித்துவிடும். அந்த வைத்தியம் செய்யாத வீடு நம் ஊரில் உண்டா?

காலையில் முதல் வேலையாகத் தொட்டியைக் காலி செய்து, சுவிட்சைப் போட்டு, துணி கிளறும் மரக் குச்சியால் அடியில் இருக்கும் தட்டை வலப்பக்கம் தள்ளினேன். ஓடியது. நிறுத்திவிட்டு இடப்பக்கம் தள்ளினேன். இடப்பக்கம் ஓடியது. அந்த நிமிஷமே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் ஒற்றை பேஸ் கரண்ட், மோட்டாருக்குள் காந்தத்தை முன்னும் பின்னும் ஆட்டும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று சொல்லாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் கரண்ட்டைக் கொஞ்சம் முன்தள்ளிக் கொடுத்து, திசை காட்டுவது கண்டென்சர்தான். வாஷ் மோட்டாரில் இரண்டு சுருளும் ஒரே அளவு. டைமர் கண்டென்சரை ஒரு முறை இந்தச் சுருளோடும் மறு முறை அந்தச் சுருளோடும் சேர்த்துவிடுவதால்தான் துணி இப்படியும் அப்படியும் புரள்கிறது. கண்டென்சர் செத்துவிட்டால் குச்சி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதுதான் திசை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். எலக்ட்ரீஷியன் வேலை தெரியாது. ஆனால் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் உண்டு, பையனின் டிப்ளமோ காலத்து மிச்சம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியின் எட்டு ஸ்குரூவையும் கழற்றினேன். கண்டென்சரைத் தொடும் முன் ஒன்று செய்ய வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் அதற்குள் சார்ஜ் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் சில விநாடி வைத்து எடுத்தேன். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வீரம் எனக்கு வேண்டாம். மேலே 10 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்தது. மீட்டர் 3.1 காட்டியது. மோட்டாரின் மூன்று வயரையும் அளந்தேன். பொது வயரிலிருந்து ஒரு பக்கம் 28 ஓம், மறு பக்கமும் 28, முனைக்கு முனை 56. இதைவிட நல்ல சர்டிஃபிகேட் ஒரு மோட்டாருக்குக் கிடையாது. புதுக் கண்டென்சர் 110 ரூபாய். மாட்டினேன், ஓடியது.

அதோடு மூடியை மாட்டியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஆனால் முப்பது வருடம் கழித்து ஒரு மிஷினின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூட எப்படி மனசு வரும்? கீழே எலி ஒன்று எப்போதோ குடித்தனம் நடத்தியிருந்தது. கூடு கட்டக் கோடு போட்ட நோட்டுத் தாள், அத்தையின் பழைய ஜாக்கெட்டின் ஒரு கை. பெல்ட்டை மடித்தால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு. வாஷ் தொட்டிக்குக் கீழே உள்ள புல்லியில் துரு வழிந்து கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஸ்பின் மோட்டாரின் தலையில் உப்பு பூத்து, வெள்ளை வெள்ளையாகக் கட்டி நின்றது. இரண்டு இடத்திலும் மேலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. நின்று நிதானமாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இரும்பு பரவாயில்லை, செம்பு நன்றாக இருக்கிறது, பிளாஸ்டிக் தொட்டி புதிது போல இருக்கிறது. செத்துக் கிடப்பது எல்லாம் ரப்பர். பெல்ட், ஆயில் சீல், ஸ்பின் ரப்பர், ட்ரெயின் ரப்பர். இதுதான் ‘மோட்டார் போச்சுங்க’.

ஸ்பின் மோட்டாரில் தண்ணீர் விழுந்திருப்பதால் அதை மட்டும் கழற்றி, ஸ்கூட்டியின் முன்னால் வைத்து ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் ஒரு வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். இதெல்லாம் கோயமுத்தூரில் இருப்பதன் சௌகரியம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்று சொல்லிக்கொள்வோம். அதன் மிச்சம்தான் தெருவுக்குத் தெரு பம்ப், கிரைண்டர், வைண்டிங் கடை. அங்கே இருந்த அண்ணா, சுருளிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசியுமா என்று காட்டும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தார். “50 மெகா ஓம் காட்டுதுங்க்கா. ஒண்ணுக்குக் கீழ போனாத்தான் பயப்படோணும். வெயில்ல ரெண்டு நாள் வையுங்க, போதும்.” அப்புறம் சுருளை விரலால் தட்டிக் காட்டினார். “செம்புக் கம்பி. இப்ப வர்ற வெல கம்மி மோட்டார்ல எல்லாம் அலுமினியந்தான். இதத்தான் 1,200-க்குக் குடுக்கப் போனீங்களா?” காசு வாங்கவில்லை. ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு பக்க புஷ்ஷிலும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஃபெல்ட்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

இனிமேல்தான் உண்மையான வேலை. தட்டைக் கழற்ற வேண்டும். கடையில் பல்சேட்டர் என்று கேட்க வேண்டும், வீட்டில் நாங்கள் சொல்வது தட்டு. நடுவில் ஒரே ஒரு ஸ்குரூ. அதன் தலை துருவில் கரைந்து, ஸ்டார் வடிவமே போய்க் கிண்ணம் போல ஆகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், பலிக்கவில்லை. மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விட்டு, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை ஸ்குரூவுக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் நடுவில் வைத்து, உடம்பு பாரத்தை எல்லாம் மேலே போட்டுத் திருகியதும் ‘டிக்’ என்று இளகியது. ஸ்குரூ வந்துவிட்டதே தவிரத் தட்டு வரவில்லை. ஷாஃப்டின் பற்களில் உப்பு இறுகிப் பாறையாகிவிட்டது.

இங்கே பலர் செய்யும் தப்பு, இரண்டு பக்கமும் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புவது. தட்டின் ஓரம் உடையும், தொட்டியின் அடி கீறிக்கொள்ளும். நான் தட்டு மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி 200 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்துவிட்டேன், அதாவது சிட்ரிக் ஆசிட். சோடா போலப் பொங்கியது. உப்புத் தண்ணீரில் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. புளிப்பு பட்டால் வாயுவை விட்டுக்கொண்டே கரைந்துவிடும். காலையில் தண்ணீரை இறக்கிவிட்டு, அத்தையின் யோசனைப்படி, மாமாவின் பழைய வேட்டியிலிருந்து கரையை மட்டும் நீளமாகக் கிழித்து, தட்டின் அடியில் எதிரெதிர்ப் பக்கமாக நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நேர்மேலாக இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ‘பொளக்’ என்று கையோடு வந்தது. நான் பின்னால் போய் பக்கெட்டில் உட்கார்ந்தேன்.

கீழே இருந்ததைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று சோப்பும் நூலும் முடியும் கலந்த களிம்பு, அதற்குக் கீழே பொருக்குப் பொருக்காக உப்பு. அதில் பதிந்து கிடந்தவை: ஊக்கு நான்கு, பள்ளிச் சட்டை பட்டன், 2011-லேயே செல்லாமல் போன 25 காசு ஒன்று. “நாந்தான் சொன்னனே, பால்காரருக்குச் சில்லறை கொறையுதுன்னு” என்றார் அத்தை. எந்த வருஷத்துப் பால்காரர் என்று நான் கேட்கவில்லை.

ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல், தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. உதடு போன்ற அதன் உள்விளிம்பு மெத்தென்று இருந்தால்தான் ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும். இறுகிவிட்டால் தண்ணீர் வழிந்து புல்லிக்கு இறங்கும். சாம்பிளைக் கையில் எடுத்துப்போய் அதே அளவில் 45 ரூபாய்க்கு வாங்கிவந்து, உதட்டில் கிரீஸ் தடவி, வட்டம் சரியாக இருந்த ஒரு பி.வி.சி. பைப் சாக்கெட்டை மேலே வைத்து மெல்ல மெல்லத் தட்டி இறக்கினேன். அழகாக உட்கார்ந்தது. எல்லாவற்றையும் மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கீழே குளம்.

தப்பு என்னுடையதுதான். சீலின் ஒரு பக்கம் மூடி வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் திறந்து உள்ளே மெல்லிய ஸ்பிரிங் தெரியும். பார்க்க லட்சணமாக இருந்த பக்கத்தை மேலே வைத்துவிட்டேன். ஸ்பிரிங் தெரியும் பக்கம்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அழுத்த அழுத்த உதடு இன்னும் இறுக்கமாகக் கவ்வும். தலைகீழாக வைத்தால் அதே தண்ணீர் உதட்டைப் பிரித்துவிடும். முதல் சீலைப் பெயர்த்து எடுக்கும்போது அது கிழிந்து, இன்னொரு 45 ரூபாய். கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஸ்பின் பக்கத்து ரப்பர் ஒரு சின்ன பெல்லோஸ் மாதிரி, மடிப்பு மடிப்பாக இருக்கும். அது கிழிந்தால் பிழிந்த தண்ணீர் நேராக மோட்டார் தலையில். அதை மாற்றுவதில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். ஆனால் அங்கே என்னை மிரட்டியது பிரேக். ஸ்பின் மூடியைத் திறந்ததும் உள்ளே டிரம் சில விநாடிகளில் நின்றுவிட வேண்டும். மூடியிலிருந்து கீழே ஒரு கம்பி வரும். மூடி மூடியிருக்கும்போது அது பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கும், திறந்தால் விட்டுவிடும், ஸ்பிரிங் பிரேக் கட்டையை டிரம்மின் அடியில் அழுத்தும். எங்கள் மிஷினில் திறந்த பிறகும் அது பாட்டுக்கு அரை நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘பழைய மிஷின், அப்படித்தான்’ என்று இருபது வருடமாக விட்டுவைத்திருக்கிறோம். நிமிஷத்துக்கு 1,400 சுற்று. சுற்றுகிற டிரம்முக்குள் கையை விட்டால் துணி கையைச் சுருட்டிக்கொள்ளும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். புது ஸ்பிரிங், கம்பியில் கொஞ்சம் சரிசெய்தல், 40 ரூபாயில் முடிந்தது. இப்போது மூடியைத் திறந்து ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணுவதற்குள் நிற்கிறது.

மிச்சம் இருந்தது பாடி. குளியலறையின் ஈரத் தரையில் நின்று நின்று, கீழ் விளிம்பு அரைச் சாண் உயரத்துக்குத் துரு. எமரி தாளால் மூன்று நாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். எனாமல் பெயின்ட் வாங்கப் போகும்போது சும்மா மரியாதைக்கு அத்தையிடம் என்ன கலர் என்று கேட்டுவைத்தேன். க்ரீம் என்பார் என்று நினைத்தேன், முன்பு அதுதான் நிறம். “ராமர் பச்சை” என்றார். “அத்த, அது சேல கலரு.” “அதுக்கென்ன அம்மிணி? சேலதான துவைக்குது?” கடைப் பையன் கலர் அட்டை முழுக்கத் தேடி, கடைசியில் இரண்டு டப்பாவைக் கலந்து கொடுத்தான். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சின்ன பீரோ என்று நினைக்கிறார்கள்.

மொத்தம் 1,610 ரூபாய். அதில் பெயின்ட் கணக்கே 640. செத்துப்போன ரப்பர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, நான் வீணடித்த சீல் உட்பட, 390. அந்த மெக்கானிக்கின் 300-ஐ இதில் சேர்க்கவில்லை. அதை வேறு தலைப்பில் எழுதியிருக்கிறேன். ஒரு செலவு மட்டும் தனி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். இரும்பு பாடி, ஈரக் கை, முப்பது வருட வயர். அங்கே சிக்கனம் பார்க்க முடியாது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தங்கை கேட்டாள். அவள் வீட்டில் முன்பக்கம் திறக்கும் மிஷின். ஒருமுறை அத்தை அதன் கண்ணாடி வழியாகப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “இது துவைக்குதா, தாலாட்டுதா?” என்றார். அது அநியாயம்தான், அந்த மிஷின் நன்றாகவே துவைக்கிறது. ஆனால் எங்கள் வசதி வேறு. குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று பார்த்துப் பிடித்து வைக்கிற வீடு இது. துணிக்கு போர் தண்ணீர்தான். பக்கெட்டில் ஊற்றினாலும் ட்வின் டப் வாங்கிக்கொள்ளும். முதலில் வெள்ளை, அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, கடைசியில் கால் மிதியடி. ஒரு தண்ணீர், மூன்று துவையல். நடுவில் நிறுத்தி காலரைத் தேய்த்துவிட்டு மறுபடி போடலாம். பூட்டிக்கொண்டு ‘இன்னும் 48 நிமிஷம்’ என்று முறைக்காது.

ஆனால் அந்த போர் தண்ணீர்தான் இதற்கு எமன். குடிதண்ணீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்ததில் 780. சோப்பு நுரைக்காததும், துணி விறைப்பதும், தட்டுக்குக் கீழே பாறை வளர்வதும் எல்லாம் இந்த ஒரே எண்ணில் இருக்கிறது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, நமக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி, மிஷினுக்கு எலுமிச்சை உப்புக் குளியல். 100 கிராம் போட்டு, வெந்நீரில் பத்து நிமிஷம் ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு இறக்கிவிடுவேன். அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

மற்றபடி பெரிய பராமரிப்பு என்று எதுவும் இல்லை. துவைத்து முடித்ததும் இரண்டு மூடியையும் திறந்தே போட்டுக் காயவிடுகிறேன். நூல் வடிகட்டும் பையைப் புதன்கிழமை தோறும் உதறுகிறேன். குளியலறையை விட்டு எடுத்து, பின்கட்டில் நாலு செங்கல் உயரத்தில் மேடை கட்டி ஏற்றிவிட்டோம். அடியில் கம்பி வலை அடித்தாகிவிட்டது, அந்த எலியின் சந்ததிக்கு இனி இடமில்லை. பொங்கலுக்கு வீடு கழுவும்போது பின்மூடியைக் கழற்றிப் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் சரி.

தீராத குறை ஒன்று உண்டு. ஸ்பின் டைமரின் திருகு உடைந்துவிட்டது. அதே மாதிரி எங்கேயும் கிடைக்கவில்லை, உக்கடம் பழைய மார்க்கெட்டில் இரண்டு ஞாயிறு அலைந்தும் கிடைக்கவில்லை. ஒரு நாள் பரணில் கிடந்த பழைய கேஸ் அடுப்பின் திருகை எடுத்து மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டையான அதே தண்டு, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. என்ன, அதில் ‘ஹை’, ‘சிம்’ என்று எழுதியிருக்கிறது. போர்வையென்றால் ‘ஹை’, ஜாக்கெட் துணியென்றால் ‘சிம்’ என்று அத்தையே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். நேற்றுகூட நான் கடைக்குக் கிளம்பும்போது பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது: “அம்மிணி, தலகாணி ஒறைய சிம்முல வெச்சிருக்கறன். வர்றப்ப எறக்கிரு.”